டிஜிட்டல் ஹாம் ரேடியோவில் நமக்கான குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி

புதிதாக டிஎம்ஆர் ஹேண்டி (குரலை டிஜிட்டலாக்கி அனுப்பும் கையடக்க ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலி, செட்) வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, வீடியோ பார்த்து எல்லாம் அப்படியே போட்டுவிட்டேன், பச்சை விளக்குகூட எரிகிறது, ஆனால் ஒரு குரலும் வரவில்லையே?" செட் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போன ஒருவரையும் எனக்குத் தெரியும். செட் நன்றாகத்தான் இருந்தது. யாருமே பேசாத ஓர் எண்ணில் ஒரு வாரமாகக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

அனலாக்கில் இந்தச் சிக்கல் கிடையாது. குமிழைத் திருகிக்கொண்டே போனால் இரைச்சலுக்கு நடுவில் எங்காவது ஒரு குரல் மாட்டும், நின்று கேட்கலாம், பிடித்தால் நாமும் உள்ளே போகலாம். டிஎம்ஆரில் பக்கத்துத் தெரு நண்பர் அதே அலைவரிசையில் பேசினாலும் கலர் கோட் (ஒரே அலைவரிசையில் உள்ள நிலையங்களைப் பிரித்துக் காட்டும் எண்), டைம் ஸ்லாட் (ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்த இரண்டு பாதைகளில் ஒன்று), டாக்குரூப் எண் (பேசும் குழுவின் எண்) என்ற மூன்றும் உங்கள் செட்டில் பொருந்தினால்தான் ஸ்பீக்கர் திறக்கும். ஒன்று மாறினாலும் விளக்கு மட்டும் எரியும், சத்தம் வராது. அதனால் யார், எங்கே, எத்தனை மணிக்குப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதே இங்கே ஒரு தனித் திறமை. அதைப் பொறுமையாக ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். நான் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமம். இந்தியாவில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டபிள்யூபிசி பிரிவுதான் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது, 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு தரம் உண்டு. கால்சைன் (உரிமத்தோடு வரும் உங்கள் அடையாளக் குறி) கைக்கு வந்த பிறகுதான் பிடிடி எனும் பேசும் பொத்தானில் விரல் போக வேண்டும். இதில் வளைந்துகொடுக்கவே கூடாது. ஆனால் தேர்வு எழுதிவிட்டு உரிமத்துக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் வெறும் கேட்பதுதான்.

இரண்டு வாரம் காது மட்டும்

டிஎம்ஆரில் பெரிய வலையமைப்பு பிராண்ட்மீஸ்டர். உலகம் முழுக்க உள்ள ரிப்பீட்டர்களும் (சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையங்கள்) வீட்டு ஹாட்ஸ்பாட்களும் (செட்டை இணையத்தோடு சேர்க்கும் சிறு கருவிகள்) அதன் சர்வர்களில் வந்து சேர்கின்றன. அதன் தளத்தில் 'லாஸ்ட் ஹேர்ட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. இந்த நொடியில் யார் பொத்தானை அழுத்தினார்கள், எந்த டாக்குரூப்பில், எத்தனை விநாடி பேசினார்கள் என்பது வரிவரியாக ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். பதற வேண்டாம், வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. கால்சைனின் முன்னெழுத்தை வைத்துத் தேடுங்கள்: இந்தியா வியு, இலங்கை 4எஸ், சிங்கப்பூர் 9வி, மலேசியா 9எம் அல்லது 9டபிள்யூ, கனடா விஇ அல்லது விஏ. நம் ஆட்கள் எந்த எண்ணில் கூடுகிறார்கள் என்பது இரண்டே நாளில் கண்ணில் படும்.

இதே வலையமைப்பில் உலாவியிலேயே டாக்குரூப்பைக் கேட்கவும் வசதி உண்டு. செட்டும் வேண்டாம், ஹாட்ஸ்பாட்டும் வேண்டாம், எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சமையல் செய்துகொண்டே கேட்கலாம். நான் ஒரு பழைய நோட்டை எடுத்து நேரம், எண், மொழி, என்ன பேசினார்கள், எத்தனை பேர் என்று ஐந்து பத்தி போட்டு இரண்டு வாரம் எழுதினேன். அந்த நோட்டு எனக்குச் சொன்னதை எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. பகல் முழுவதும் பிணம்போல் கிடக்கும் ஓர் எண் காலை ஆறரைக்கு அரைமணி நேரம் கலகலவென்று இருக்கும், பட்டியலில் பெரிய பெயரோடு இருக்கும் இன்னோர் எண்ணில் நாள் முழுக்க ஈ ஓடாது.

நேரக் கணக்கு இங்கே முக்கியம். நெட் (குறித்த நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசுவது) அறிவிப்புகள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் வரும், அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 16:00 யூடிசி என்றால் இரவு ஒன்பதரை. 01:30 யூடிசி என்றால் காலை ஏழு, அமெரிக்காவில் அது முந்தைய நாள் மாலை. டொராண்டோவில் கோடைக்கால இரவு ஒன்பதுக்குப் பேசுபவரை நீங்கள் காலை ஆறரைக்குக் கேட்பீர்கள். சிங்கப்பூர்க்காரர் சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு உட்காரும்போது நமக்கு மாலை ஆறரை. லண்டனோடு வார நாளில் பேச வேண்டும் என்றால் தூக்கத்தை விட வேண்டியிருக்கும். அதனால் குழுவைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் நாளில் எந்த அரைமணி நேரம் உண்மையிலேயே உங்களுடையது என்று பாருங்கள். அந்த நேரத்தில் கூடும் குழுதான் உங்களுக்கு நிலைக்கும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டு டாக்குரூப்கள் பெரும்பாலும் மொபைல் போன் நிறுவனங்கள் பயன்படுத்தும் நாட்டுக் குறியீட்டையே வைத்துக்கொண்டவை: இந்தியா 404, இலங்கை 413, சிங்கப்பூர் 525, மலேசியா 502. 91 என்பது உலகம் முழுமைக்கும் பொது. அதில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள், அதனாலேயே புதியவர்கள் எல்லோரும் அங்கே போய் விழுகிறார்கள். கால்சைனையும் ஊரையும் சொல்லி ஒரு வணக்கம் போட அது நல்ல இடம். ஆனால் அங்கே நட்பு வளராது. பேருந்து நிலையத்தில் நின்று மனம்விட்டுப் பேச முடியாது அல்லவா? உலகின் ஆயிரக்கணக்கான ரிப்பீட்டர்களை ஒரே நேரத்தில் நீங்கள் பிடித்து வைத்திருப்பீர்கள், அதனால் யாரையாவது அங்கே பிடித்தால் இருவரும் சேர்ந்து ஓர் அமைதியான எண்ணுக்கு நகர்ந்துவிடுவதுதான் மரியாதை.

செட்டைத் தயார் செய்வது

உரிமம் வந்ததும் டிஎம்ஆர் ஐடி வாங்க வேண்டும். ரேடியோஐடி தளத்தில் கால்சைனையும் உரிமத்தின் நகலையும் கொடுத்தால் ஏழு இலக்க எண் ஒன்று தருவார்கள், இலவசம். வேறொருவர் எண்ணைச் சும்மா போட்டுப் பார்ப்போம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். உலகத்தின் திரையில் அவர் பெயர்தான் வரும்.

அடுத்து, உங்கள் ஊரில் டிஎம்ஆர் ரிப்பீட்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதுதான் முதல் தேர்வு, அதைச் சுற்றியுள்ள ஆட்களைப் பிறகு நேரிலும் பார்க்க முடியும். இல்லையென்றால் ஹாட்ஸ்பாட். தீப்பெட்டி அளவு ராஸ்பெர்ரி பை எனும் சிறு கணினி, அதன் மேல் சிக்னலை அனுப்பி வாங்கும் ஒரு எம்எம்டிவிஎம் பலகை, பை-ஸ்டார் போன்ற மென்பொருள், வீட்டு வைஃபை, இவ்வளவுதான். பிராண்ட்மீஸ்டர் தளத்தில் கணக்கு திறந்து ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும், அதையே பை-ஸ்டாரிலும் போட வேண்டும். 'எல்லாம் சரி, ஆனால் சர்வரோடு சேரவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கடவுச்சொல்லில்தான் முடியும். வீட்டில் இரண்டு ஹாட்ஸ்பாட் இருந்தால் ஐடியின் கடைசியில் 01, 02 என்று இரண்டு இலக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும்.

அலைவரிசையில் மட்டும் வெளிநாட்டு வீடியோவை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் 438 மெகாஹெர்ட்ஸுக்கு மேலோ 440-க்கு மேலோ போடச் சொல்வார்கள், அங்கே அது சரி. இந்தியாவில் ஹாம்களுக்கு அந்தப் பட்டையில் உள்ளது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. அதிலும் 435 முதல் 438 வரை செயற்கைக்கோள்களுக்கான பகுதி. நாள் முழுக்க அலறும் ஹாட்ஸ்பாட்டை அங்கே வைத்தால், மொட்டைமாடியில் யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு செயற்கைக்கோளின் மெல்லிய சத்தத்தைத் தேடும் பக்கத்து ஹாமுக்கு அது பெரிய தொல்லை. ஆகவே 434-க்கும் 435-க்கும் நடுவில் காலியான ஓர் இடம். முதலில் சாதாரண எஃப்எம் செட்டில் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள். ரேடியோவை இணையத்தோடு சேர்ப்பது பற்றி உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளையும் ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் தங்கள் உரிமத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையையே பின்பற்ற வேண்டும்.

கோட்பிளக் என்பது செட்டுக்குள் போகும் மொத்த அமைப்புக் கோப்பு. சேனல் ஒவ்வொன்றிலும் அலைவரிசை, கலர் கோட், ஸ்லாட், அனுப்பும் டாக்குரூப், கேட்கும் டாக்குரூப் பட்டியல் என்று ஐந்து விஷயம் இருக்கும். ஒற்றை அலைவரிசை ஹாட்ஸ்பாட்டுக்குக் கலர் கோட் 1, ஸ்லாட் 2 என்று வைப்பது வழக்கம். ஏமாற்றுவது அந்த ஐந்தாவது விஷயம்தான். கேட்கும் பட்டியலில் எண்ணைச் சேர்க்க மறந்தால் நீங்கள் பேசுவது உலகத்துக்குக் கேட்கும், உலகம் பேசுவது உங்களுக்குக் கேட்காது. மேலே சொன்ன பச்சை விளக்கு நண்பரின் சிக்கல் இதுவும் சேர்ந்ததுதான். பல செட்களில் 'டிஜிட்டல் மானிட்டர்' என்ற வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டால் அந்த ஸ்லாட்டில் எந்த எண்ணில் பேசினாலும் கேட்கும். புதியவர்கள் முதல் மாதம் அதைப் போட்டே வைத்திருக்கலாம். யாரோ செய்த ஆயிரம் சேனல் கோட்பிளக்கை இறக்கிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டே எட்டு சேனல், நீங்களே கைப்பட எழுதியது, அதுதான் உங்களுக்குப் புரியும்.

பேசுவதற்கு முன்னால் 9990. அது கிளி. நீங்கள் சொன்னதைப் பதிவுசெய்து அப்படியே திருப்பிச் சொல்லும். பெரும்பாலான இடங்களில் அதைப் பிரைவேட் காலாகப் போட வேண்டும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, கத்தாமல் பேசிக் கேளுங்கள். டிஎம்ஆரில் குரலை மிகச் சிறியதாக நசுக்கி அனுப்புகிறார்கள், அதனால் மைக் கெயினைக் கூட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து ரோபோ பேசுவதுபோல் ஆகிவிடும். மின்விசிறிக்கு நேர் எதிரில் உட்காராதீர்கள், குக்கர் விசில் முடியட்டும்.

முதல் முறை உள்ளே போவது

ஒரு டாக்குரூப்புக்கு மாறியதும் உடனே பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் அப்போதுதான் அந்த எண்ணைக் கேட்க ஆரம்பிக்கிறீர்கள், நடுவில் யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். ஹாட்ஸ்பாட்டில் அந்த எண் நிலையாகப் போடப்படவில்லை என்றால் ஒரு முறை அழுத்தினால்தான் அது திறக்கும் என்பது உண்மைதான். அப்படி அழுத்தும்போதும் வெறுமனே க்ளிக் செய்துவிட்டு விடாமல் கால்சைனைச் சொல்லுங்கள், ஊமை அழுத்தல் யாருக்கும் பிடிக்காது. அடிக்கடி போகும் ஓரிரு எண்களை பிராண்ட்மீஸ்டர் கணக்கில் 'ஸ்டாடிக்' ஆக வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஓரிரு எண் என்றுதான் சொன்னேன். பத்து எண்ணை ஸ்டாடிக் ஆக வைத்தால் ஒன்று பேசி முடிப்பதற்குள் இன்னொன்று நுழைந்து எதையும் முழுதாகக் கேட்க விடாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்க 4000 என்ற எண்ணை ஒரு முறை அழைத்தால், தற்காலிகமாகத் திறந்தவை எல்லாம் மூடிக்கொள்ளும்.

பேச்சு நடந்துகொண்டிருந்தால் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில் உங்கள் கால்சைனை மட்டும் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். நல்ல குழுவில் அடுத்தவர் நின்று உங்களை உள்ளே கூப்பிடுவார். உள்ளே போன பிறகு நீங்களும் அதே இடைவெளியை விட வேண்டும்: முன்னவர் விட்டதும் இரண்டு மூன்று விநாடி எண்ணிவிட்டு அழுத்துங்கள். இடைவெளி விடும் பழக்கமே இல்லாமல் வேகமாகப் பிடிப்பவர்களால் வெளியே காத்திருக்கும் புது ஆள் ஒருவர் சொல்லாமலே போய்விடுகிறார், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். நானும் அப்படிக் காத்திருந்த ஆள்தான், நான்காவது மாலையில்தான் ஒருவர் இடைவெளி விட்டார், விக்டர் யூனிஃபார்ம் (வி, யு எழுத்துகளுக்கான ஃபொனெட்டிக் சொற்கள்) என்று நான் தொடங்கியதுமே "வாங்க சார், முழுசா சொல்லுங்க" என்றார். அந்தக் குரலை இன்றைக்கும் இருட்டில் அடையாளம் சொல்வேன்.

நெட் என்றால் இன்னும் சுலபம். குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நேரம், நடுவில் நெட் கண்ட்ரோலர் ஒருவர். அவர் செக்-இன் கேட்கும்போது கால்சைனை ஃபொனெட்டிக்கில் நிதானமாகச் சொல்லுங்கள், பெயர், ஊர், அவ்வளவு போதும். ஊர்ப் பெயர் வெளிநாட்டவருக்குப் புரியாது என்றால் எழுத்துக்கூட்டலாம்: தேனி என்றால் டேங்கோ ஹோட்டல் எக்கோ நவம்பர் இந்தியா. முதல் தடவை வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள், அதில் கூச்சமே வேண்டாம், நிறைய கண்ட்ரோலர்கள் புதியவரை முன்னால் பேச விடுவார்கள். பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் போனால் உங்கள் முறை வரும்போது அவர் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துக் காத்திருப்பார்.

சேர்வது என்றால் என்ன? பெரும்பாலான டாக்குரூப்களுக்குப் படிவமும் கிடையாது, சந்தாவும் கிடையாது. தொடர்ந்து ஆறு வாரம் அதே நெட்டுக்குப் போங்கள். ஏழாவது வாரம் நீங்கள் வரவில்லை என்றால் ஒருவர் "அந்தத் தேனிக்காரர் எங்கே காணோம்?" என்று கேட்பார். அன்றைக்கு நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள். இதற்குள் யாராவது வாட்ஸப் அல்லது டெலிகிராம் குழுவைப் பற்றிப் பேசியிருப்பார்கள், பெரும்பாலான குழுக்களுக்கு அப்படி ஒன்று இருக்கும். இணைப்பைக் காற்றில் எல்லோர் காதுபடக் கேட்டு வாங்குவதைவிட, "உங்களுக்கு மின்னஞ்சல் போடலாமா?" என்று நெட் முடிந்த பிறகு ஒருவரிடம் கேளுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் காற்றில் சொல்லாதீர்கள். டாக்குரூப்பில் பேசுவது யார் வேண்டுமானாலும் உலாவியில் கேட்கக்கூடியது.

ஒரு குழு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க எனக்கு மூன்று நான்கு அடையாளங்கள் உண்டு. புது கால்சைன் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்களா? முட்டாள்தனமான கேள்வி என்று ஒன்றைக் கேட்டால் பொறுமையாகப் பதில் வருகிறதா, இல்லை "படிச்சிட்டு வாங்க" என்று வருகிறதா? அரசியலும் மதமும் காற்றில் ஏறினால் யாராவது நாகரிகமாகத் திசை திருப்புகிறார்களா? நான்காவது, எனக்கு மிக முக்கியமானது: இணையம் போய்விட்டால் நாம் எங்கே சந்திப்போம் என்று அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தது. உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள். மற்றத் தொடர்புகள் அறுந்துபோன அந்த நாட்களில் அவர்கள் ஷார்ட்வேவ் செட்டை வைத்துத் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே உறவினர் செய்திகளை மணிக்கணக்கில் கடத்தினார்கள். அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இருந்ததால்தான் இது நடந்தது. டிஎம்ஆர் வலையமைப்பு இணையத்தில் தொங்குகிறது, ஃபைபர் அறுந்தால் உங்கள் ஹாட்ஸ்பாட் வெறும் டப்பா. உள்ளூர் ரிப்பீட்டர் தனியாக ஓடும், இரண்டு மீட்டர் பட்டையில் செட்டுக்குச் செட் நேராகப் பேசலாம், ஷார்ட்வேவ் இருக்கவே இருக்கிறது. இதில் எதை, எந்த அலைவரிசையில் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் குழு உங்கள் மாவட்டத்தில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதில் சேருங்கள்.

மற்ற டிஜிட்டல் குரல்கள், சுருக்கமாக

ஐகாம் செட் வைத்திருப்பவர்களுக்கு டி-ஸ்டார். அங்கே டாக்குரூப்புக்குப் பதிலாக ரிஃப்ளெக்டர் (எல்லோரும் வந்து இணையும் சர்வர்), அதற்குள் ஏ, பி, சி என்று அறைகள். ரெஃப்030சி எப்போதும் கூட்டமாக இருக்கும் ஓர் அறை, கேட்டுப் பழக நல்ல இடம். யேசு (Yaesu) நிறுவனத்தின் செட்டுக்கு சி4எஃப்எம், அங்கே வயர்ஸ்-எக்ஸ் (WIRES-X) அறைகளும் ஒய்எஸ்எஃப் அறைகளும். வழிமுறை அதேதான், முதலில் கேட்பது, நேரத்தைக் குறிப்பது, பிறகு நெட். பல குழுக்கள் இவை மூன்றையும் பாலம் போட்டு இணைத்து வைத்திருக்கின்றன, அதனால் உங்களுக்குப் பிடித்த குழு வேறு முறையில் இருக்கிறது என்று புது செட் வாங்க ஓடாதீர்கள். உங்கள் முறையிலிருந்து உள்ளே போக வழி இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

எழுத்தில் பேசுபவர்கள்

ஷார்ட்வேவ் செட்டும் கணினியும் வைத்திருப்பவர்களுக்கு இன்னோர் உலகம் இருக்கிறது. இன்றைக்கு அதில் பெரும் கூட்டம் எஃப்டி8 எனும் முறையில். 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் கொண்டுவந்தது. 15 விநாடிக்கு ஒரு செய்தி, காதால் கேட்கவே முடியாத சிக்னலையும் கணினி பிரித்து எடுத்துவிடும். ஆனால் அதில் நடப்பது கால்சைன், கட்டக் குறியீடு (இருக்கும் இடத்தைக் காட்டுவது), சிக்னல் அளவு, 73 (விடைபெறும் வாழ்த்து), முடிந்தது. சென்னையிலிருந்து என்கே03 என்று அனுப்புவீர்கள், பிரேசில்காரர் தன்னுடையதை அனுப்புவார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்க முடியாது. தொலைதூரம் பிடிக்கும் மகிழ்ச்சி அதில் நிறைய இருக்கிறது, நானும் விடியற்காலையில் அதற்காகவே எழுந்திருக்கிறேன். ஆனால் ஆட்களைத் தேடுபவர்களுக்கு அது மட்டும் போதாது.

அவர்களுக்கு நான் சொல்வது ஜேஎஸ்8கால். எஃப்டி8 செய்யும் அதே நுட்பத்தின் மேல் தட்டச்சு உரையாடலை வைத்தது, 2018-இல் வந்தது, 7.078, 14.078 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டால் மாட்டும். இதில் குழு என்பது மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் உங்கள் நிலையத்தின் குழுக்கள் என்ற கட்டத்தில் அட் குறி போட்டுக் குழுப் பெயரை எழுதினால் சேர்ந்தாயிற்று, அந்தப் பெயருக்கு யார் செய்தி அனுப்பினாலும் உங்கள் திரையில் தனியாகத் தெரியும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பெயரை முடிவுசெய்து நாளைக்கே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். நீங்கள் எழுந்துபோயிருந்தால் நடுவில் இருக்கும் இன்னொரு நிலையம் செய்தியை வாங்கி வைத்திருந்து கொடுக்கவும் முடியும். இணையம் ஒரு துளிகூட வேண்டாம், அதனால்தான் அந்த நான்காவது கேள்விக்கு இதை ஒரு நல்ல பதிலாக நினைக்கிறேன்.

உறுப்பினர் எண் கொடுக்கும் சங்கங்களும் உண்டு. பிஎஸ்கே31 எனும் தட்டச்சு முறைக்கு யூரோப்பியன் பிஎஸ்கே கிளப், 070 கிளப், எஃப்டி8-க்கு எஃப்டி8 டிஜிட்டல் மோட் கிளப், 30 மீட்டர் பட்டைக்கென்றே ஒரு டிஜிட்டல் குழு, அப்புறம் ஃபெல்ட் ஹெல் கிளப். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிரியமானது. ஜெர்மானியர் ருடால்ஃப் ஹெல் 1920-களில் கண்டுபிடித்த முறை, எழுத்தைக் குறியீடாக்காமல் படமாகவே வரைந்து அனுப்பும், சிக்னல் மங்கினால் திரையில் எழுத்தும் கோலம் அழிவதுபோல் மங்கும், ஆனாலும் கண் படித்துவிடும். இந்தச் சங்கங்களில் சேரப் பணம் வேண்டாம், பெரும்பாலும் கால்சைனைக் கொடுத்துப் பதிவுசெய்தால் எண் வரும். எண்ணால் மட்டும் பெரிய பயன் இல்லை. அவர்கள் வைக்கும் சிறு போட்டிகள்தான் பயன், ஏனென்றால் அந்த இரண்டு மணி நேரம் வழக்கமாக வெறிச்சோடிக் கிடக்கும் அலைவரிசையில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். அதில் நான்கைந்து முறை கலந்துகொண்டால் அதே கால்சைன்கள் திரும்பத் திரும்ப வரும். 14.070 பக்கம் பிஎஸ்கே31-இல் அவர்களில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகத் தட்டச்சில் பேசலாம், அங்கே பிள்ளைகள் எத்தனை என்றும் கேட்கலாம்.

எந்தக் குழுவாக இருந்தாலும் மூன்று மாதம் ஆனதும் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நெட் கண்ட்ரோலர் ஊருக்குப் போகும் வாரம் என்று ஒன்று கட்டாயம் வரும், "இந்த வாரம் யாராவது நடத்துறீங்களா?" என்று கேட்பார், எல்லோரும் அமைதியாக இருப்பார்கள். அப்போது நீங்கள் பொத்தானை அழுத்துங்கள். ஒரு நோட்டு, இரண்டு பேனா, பக்கத்தில் தண்ணீர், வருகிற கால்சைன்களை வந்த வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி மட்டும் கேட்டவற்றுக்கு எதிரில் ஒரு புள்ளி வைத்து, வரிசை முடிந்ததும் அவர்களை மறுபடி கூப்பிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஐந்து விநாடி சும்மா இருங்கள், அந்த ஐந்து விநாடியில்தான் புது ஆள் வருவார்.